முன்மண்டபக் கூரைத் திருப்பணி நிறைவு அறிக்கை: கறுப்பு பைப்பும் பளபள பைப்பும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முன்மண்டபக் கூரை, படிக்கட்டுக் கைப்பிடி, வரிசைத் தடுப்புகள் மூன்றும் முடிந்துவிட்டன. வரவு செலவு தனித்தாளில் இருப்பதால் அதை இங்கே திரும்ப எழுதவில்லை. இந்த அறிக்கை பெரும்பாலும் பைப்பைப் பற்றியதுதான், ஏனென்றால் வேலை நடந்த நாட்களில் குழுவிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அதைச் சுற்றியே இருந்தன. "எடை தாங்க வேண்டிய தூணுக்குக் கறுப்பாக, சொரசொரவென்று ஒரு பைப், வெறும் கைப்பிடிக்குப் பளபளவென்று ஒன்றா, எங்கே மிச்சம் பிடிக்கிறீர்கள்?" என்று நேராகவே கேட்டார்கள். கேட்டது தப்பில்லை. ஆரம்பத்தில் குழுவிலேயே இரண்டு பேருக்கு அதே சந்தேகம் இருந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கறுப்பாக இருக்கும் எச்.ஆர். (ஹாட் ரோல்டு) பைப் என்றால் பைப்பையே சூடாக வைத்து உருட்டியது, பளபளவென்று இருக்கும் சி.ஆர். (கோல்டு ரோல்டு) பைப் என்றால் குளிர வைத்து உருட்டியது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. அந்தப் பெயர் பைப்புக்கு உரியதே இல்லை, பைப்பாவதற்கு முன்பிருந்த தகட்டுக்கு உரியது. எஃகுப் பாளத்தை உலையில் ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, செக்கச்செவேலென்று இருக்கும்போதே ரோலர்களுக்கு நடுவே நசுக்கித் தகடாக்கிச் சுருட்டினால் அது ஹாட் ரோல்டு. ஆறும்போது மேலே கருநீலமாக ஒரு ஆக்சைடு தோல் படியும், அதைத்தான் மில் ஸ்கேல் என்கிறார்கள். ஆறி வரும்போது தகடு சுருங்கவும் செய்வதால் கனம் அங்கங்கே கொஞ்சம் கூடக் குறைய இருக்கும்.

கோல்டு ரோல்டு என்பது வேறு எங்கிருந்தோ வருவதில்லை, இதே தகடுதான். அதை அமிலத்தில் முக்கிக் கறுப்புத் தோலை நீக்கி, சாதாரண வெப்பத்திலேயே மறுபடி ரோலருக்குக் கொடுத்துப் பாதிக்கும் கீழாக மெலியச் செய்கிறார்கள். இந்த நசுக்கலில் உலோகம் விறைத்துப்போய், வளைத்தால் வெடிக்கிற நிலைக்கு வந்துவிடும் என்பதால், காற்றுப் படாத உலையில் 650, 700 டிகிரி வாக்கில் வைத்து இளக்கி, கடைசியாக மேற்பரப்புக்காக ஒரு லேசான உருட்டு. அதனால்தான் அந்தப் பளபளப்பும் கனத்தில் அந்தத் துல்லியமும்.

இதற்குப் பிறகு இரண்டுக்கும் ஒரே பாதைதான். தகட்டை நீளப் பட்டைகளாகக் கிழித்து, வரிசையாக நிற்கும் ரோலர்கள் வழியே படிப்படியாக வட்டமாக்கி, இரண்டு விளிம்புகளும் சந்திக்கும் இடத்தில் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் உருகும் அளவுக்குச் சூடாக்கி, பக்கவாட்டு ரோலரால் இறுக்கி ஒட்டுகிறார்கள். தனியாக வெல்டிங் கம்பி எதுவும் இல்லை. ஒட்டிய கோட்டில் வெளியே பிதுங்கும் தையலை அங்கேயே உளி சீவிவிடும், உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியே நிற்கும். பட்டையை வட்டமாக்கும் வேலை, எச்.ஆர். ஆனாலும் சி.ஆர். ஆனாலும், குளிர்ந்த நிலையில்தான் நடக்கிறது.

தூண் பைப்போடு வந்த சோதனைச் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒரு உறுப்பினர் கோபப்பட்டதும் இந்த இடத்தில்தான். அதில் இஎன் 10219 என்று இருந்தது, அந்த ஐரோப்பியத் தரநிலை "குளிர்நிலையில் வளைத்துப் பற்றவைத்த" குழாய்களுக்கானது. "ஹாட் ரோல்டு என்று சொல்லிவிட்டு கோல்டு என்று சான்றிதழா?" என்றார். இரண்டும் உண்மைதான் ஐயா. தகடு சூட்டில் உருண்டது, குழாய் குளிரில் வளைந்தது. குழாயையே சூட்டில் முடிக்கிற ரகத்துக்கு இஎன் 10210 என்று வேறு தரநிலை இருக்கிறது, நாம் வாங்கியது அது இல்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க ஒரு சாயங்காலமே போனது, ஆனால் அந்தச் சாயங்காலம் இல்லாவிட்டால் இந்த அறிக்கையே இப்படி வந்திருக்காது.

சரி, பலம்? குளிரில் நசுக்கினால் எஃகு விறைக்கும், அதனால் சி.ஆர். தான் பலம் என்ற பேச்சு பாதிதான் சரி, ஏனென்றால் அந்த விறைப்பைத்தான் பிறகு உலையில் வைத்து இளக்கிவிடுகிறார்களே. வளைத்து வடிவம் கொடுப்பதற்கென்று வரும் சி.ஆர். தகட்டில், உதாரணமாக டிசி01 ரகத்தில், இழுக்கும்போது எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு 280 மெகாபாஸ்கலுக்கு (இழுவிசையின் அலகு) மேல் போகக் கூடாது என்று மேல்வரம்பு வைத்திருக்கிறார்கள். கட்டுமானத்துக்கான எஸ்235 ரகத்திலோ 235க்குக் கீழே இறங்கக் கூடாது என்று கீழ்வரம்பு. தூணுக்கு நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை உத்தரவாதம்தான். அதோடு, சி.ஆர். தகடு பெரும்பாலும் 3 மி.மீ. வரைதான் வரும், நம் தூண்கள் 114.3 மி.மீ. விட்டத்தில் 4.5 மி.மீ. கனம். ஆக, தூணுக்குச் சி.ஆர். என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம்.

கூரைக் குறுக்குக் குழாய்களும் எச்.ஆர். தான், 48.3 விட்டம், 3.2 கனம். இதில் நாங்கள் கனம் அளக்கும் வெர்னியர் கருவியை மட்டும் நம்பவில்லை, தராசில் ஏற்றினோம். வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, வந்ததைக் கனத்தால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 6 மீட்டர் குழாய்க்கு 21.35 கிலோ. மேலே சொன்ன இஎன் 10219 தரநிலை இந்தக் கனத்தில் 10 விழுக்காடு வரை கூடக் குறைய விடுகிறது, எடையிலோ 6 விழுக்காடுதான். அதாவது முழுக்க 2.9 மி.மீ. ஆக உருட்டிய குழாய் வெர்னியரில் தப்பித்துவிடும், ஆனால் தராசில் 19.5 கிலோ காட்டி மாட்டிக்கொள்ளும். முதல் லோடில் அப்படிச் சில குழாய்கள் மாட்டின, திருப்பி அனுப்பினோம், மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் சண்டை எதுவும் இல்லை.

கைப்பிடிக்குச் சி.ஆர். எடுத்தது ஆடம்பரத்துக்காக இல்லை. எல்லோரும் கைவைக்கிற இடம். எச்.ஆர். பரப்பின் சொரசொரப்பு எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் மேலே தெரியும், பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங்கிலும் தெரியும். கனமும் 1.6 மி.மீ. போதும், வளைவுகளும் அதிகம். வளைக்கும்போது தையல் வெளிப்பக்கமோ உட்பக்கமோ வராமல் பக்கவாட்டில் வரும்படி வைக்கச் சொன்னோம். வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நசுங்கும், நடுவில்தான் அதற்குத் தொந்தரவு குறைவு.

இப்போது எங்கள் தவறுகள். முதல் நான்கு தூண்களுக்கு, அவசரத்தில், மில் ஸ்கேலை எடுக்காமலே பிரைமர் அடிக்கவிட்டோம். பார்க்க அருமையாக ஒட்டியிருந்தது. சில வாரத்தில் அந்தக் கறுப்புத் தோல் இரும்பை விட்டுக் கழன்றபோது பெயின்டையும் கூட்டிக்கொண்டு செதில் செதிலாக வந்தது. மணல் வீச்சில் வெள்ளையாகும் வரை சுத்தம் செய்து மறுபடி அடித்தோம், மற்ற தூண்களுக்கு முதலிலேயே அப்படிச் செய்துவிட்டோம். இரண்டாவது, சி.ஆர். குழாய்களைத் தார்ப்பாய் இல்லாமல் தரையில் போட்டது. அதன் மேல் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். ஒரே இரவு மழையில் அது கழுவிப்போய்ச் செம்புள்ளி விழுந்துவிட்டது, உட்கார்ந்து உப்புத்தாள் போட்டோம். அப்புறம் தின்னரால் துடைத்து, பெயின்ட் பிடிக்கப் பாஸ்பேட் பூச்சு கொடுத்துத்தான் கோட்டிங்குக்கு அனுப்பினோம்.

மழையில் நிற்கப்போகிற வரிசைத் தடுப்புகளை மட்டும் முழுதாக உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்திருக்கிறோம். அவற்றின் நுனிகளில் துளை இருப்பதைப் பார்த்து "வெல்டர் மறந்துவிட்டாரா?" என்று சிலர் கேட்டார்கள். மறக்கவில்லை. மூடிய குழாயை ஏறக்குறைய 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் இறக்கினால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடித்துவிடும், அதற்காகவே போட்ட துளைகள். இப்போது தண்ணீர் வடியவும் அவைதான் வழி, யாரும் எம்-சீல் வைத்து அடைத்துவிட வேண்டாம்.

மீந்த பைப்பில் இரண்டு வகையிலும் சில துண்டுகள் பொருள் அறையில், தரையில் படாமல் கட்டை மேல், ரகம் எழுதி வைத்திருக்கிறோம். சான்றிதழ்களும் எடைக் குறிப்பும் அலுவலகக் கோப்பில். தூண் அடியில் கான்கிரீட்டைத் தொடும் இடத்தை மழைக்கு முன்னும் பின்னும் பார்க்கும் பொறுப்பைப் பராமரிப்புக் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது, முதலில் மணல் வீச்சு இல்லாமல் அடித்த அந்த நான்கு தூண்களையும் ஒருமுறை கூடுதலாகவே பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

— திருப்பணிக் குழு