செயலாளரின் ஆண்டறிக்கை 2024: கொழும்புத் தெருக்களின் சாப்பாட்டுக் கடைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, அங்கத்தவர்களே,

கடந்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் தீர்மானத்திற்கு அமைய, மலையகத்தின் ஹட்டனில் இயங்கும் எமது சங்கம் 2024ஆம் ஆண்டு முழுவதும் கொழும்பு நகரின் சாப்பாட்டுக் கடைகளைத் தெருத் தெருவாகச் சென்று அறிந்துகொள்ளும் பணியில் ஈடுபட்டது. நட்சத்திர ஹோட்டல்களை விடுத்து, அந்தந்தப் பகுதியில் குடியிருப்போரும் தொழில் செய்வோரும் நாளாந்தம் சாப்பிடும் கடைகளுக்கே செல்வது என்ற விதியை இவ்வாண்டும் கடைப்பிடித்தோம். அங்கத்துவ விபரமும் கூட்டக் குறிப்புகளும் தனியாக இணைக்கப்பட்டுள்ளன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கை பயணங்களைப் பற்றியதாகவே அமைகிறது.

ஆண்டின் தொடக்கத்தில் எமது நிகழ்ச்சி நிரல் கடைகளின் பட்டியலாக இருந்தது; ஆண்டின் நடுப்பகுதியில் அதனை வேளைகளின் பட்டியலாக மாற்றி எழுதினோம். கொழும்பில் ஒரு கடையின் பெயரை அறிந்திருப்பதிலும் பார்க்க, அந்தத் தெருவின் அடுப்புகள் எந்த வேளையில் எரிகின்றன என்பதை அறிந்திருப்பதே மலையிலிருந்து இறங்கிச் செல்பவருக்குக் கூடுதல் பயன் தரும் என்பது எனது துணிபு.

வெள்ளவத்தை காலை வேளைக்கு உரியது. பதுளையிலிருந்து வரும் இரவு அஞ்சல் புகையிரதத்தில் ஹட்டனில் ஏறி, விடியுமுன் கொழும்புக் கோட்டை நிலையத்தை அடைந்து, அங்கிருந்து கரையோரப் புகையிரதத்தில் வெள்ளவத்தைக்குச் சென்றுவிட முடிந்தது. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் காலி வீதியை அண்டிய ஒழுங்கைகளில் பெருமளவில் குடியேறியதால், யாழ்ப்பாணத்துச் சமையல் அங்கே வீட்டுச் சுவை மாறாமல் கடைக்கு வந்திருக்கிறது. அவித்த சூட்டுடன் தட்டுத் தட்டாக வரும் இடியப்பம், மஞ்சள் நிறச் சொதி, தேங்காய்ச் சம்பல், புட்டு ஆகியவற்றைக் காலை ஒன்பது மணிக்கு முன்னர் சாப்பிட்டுவிட வேண்டும். அதன் பிறகு கிடைப்பது ஆறிப்போன மிச்சமே. பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் எல்லா நாட்களிலும் கிடைப்பதில்லை. கேட்டறிந்து செல்வது நல்லது. எமது மகளிர் அங்கத்தவர்கள் தட்டைவடையையும் பயத்தம்பணியாரத்தையும் பொதி பொதியாக வாங்கியமையால் திரும்பும் வழியில் சுமை தூக்கும் பொறுப்பு ஆண் அங்கத்தவர்களுக்கு வந்து சேர்ந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

நண்பகல் புறக்கோட்டைக்கு உரியது. செட்டியார் தெருவின் நகைக்கடைகளுக்கு நடுவேயுள்ள சைவக்கடைகளில் வாழையிலைச் சோறும், மொத்த வியாபாரக் குறுக்குத் தெருக்களில் முஸ்லிம் கடைகளின் புரியாணியும் கிடைக்கின்றன. 1909இல் கட்டி முடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளிவாசல் அமைந்துள்ள இரண்டாம் குறுக்குத் தெருவுக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் செல்வோர் ஜும்ஆத் தொழுகை முடியும்வரை காத்திருக்க நேரிடும். நோன்பு மாதத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. பகலில் ஓய்ந்திருக்கும் அடுப்புகள் மாலையில் நோன்புக் கஞ்சி, சமோசா, கட்லட் என உயிர்பெறுகின்றன. மார்ச் மாதத்தில் சென்ற குழுவினர், சஹன் எனும் ஒரே பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து சாப்பிடும் முறையை அங்குள்ள அன்பர்களின் அழைப்பின் பேரில் நேரில் அறிந்துகொண்டனர். முன்பின் அறியாதவர்களைத் தமது சஹனில் கைவைக்க அழைத்த அந்தப் பண்புக்குச் சங்கம் நன்றி கூறுகிறது.

கொம்பனித்தெருவை மாலையில் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் யாவா முதலிய தீவுகளிலிருந்து படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களின் சந்ததியினர் வாழும் பகுதி அது. புட்டுடன் பரிமாறப்படும் பபத் எனும் மாட்டுக் குடல் கறியும், மலாய் அச்சாறும், கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் முட்டையும் சேர்ந்த வட்டிலப்பமும் அங்கே சாப்பிட வேண்டியவை. பழைய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு உயர்மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டபடியால், வீட்டு முன்றிலில் அடுப்பு வைத்து விற்றவர்களுக்கு இடமில்லாமற் போய்க்கொண்டிருக்கிறது. இந்தப் பகுதியை ஒத்திவைக்காமல் விரைவில் மீண்டும் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

காலிமுகத்திடலின் இறால் வடையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடற்காற்றில் நின்று சாப்பிடும்வரை அது நன்றாகவே இருக்கிறது.

இரவு புதுக்கடைக்கு உரியது. பகலில் கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகள் நடமாடும் நீதிமன்றப் பகுதியின் தெருக்கள், இரவில் சூடான இரும்புக் கல்லில் கொத்துப் பராட்டாவைக் கொத்தும் தகடுகளின் ஓசையால் நிறைகின்றன. அந்தக் கல்லில் பராட்டாவுடன் விழும் லீக்ஸ், கரட், கோவா ஆகியவற்றில் பெரும்பங்கு நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளின் மண்ணில் விளைந்தவை. 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபா வரை ஏறியபோது கொத்தில் கரட்டைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. மலையில் மழை கூடினால் கொழும்பின் கல்லில் நிறம் குறையும் என்பதை எமது தோட்டக்காரர்கள் அறிவார்கள், சாப்பிடுவோர் அறிவதில்லை.

மரக்கறி மட்டுமன்றி, கல்லுக்குப் பின்னால் நிற்கும் கைகளும் பெரும்பாலும் எமது கைகளே. சைவக்கடைகளிலும் கொத்துக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஊரை விசாரித்தபோது, பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, பதுளை என்று பதில் வந்துகொண்டே இருந்தது. யாழ்ப்பாணத்துச் சொதியையும் முஸ்லிம் புரியாணியையும் தோட்டத்து இளைஞர்கள் பழகி, கடைக்கு மேலேயுள்ள அறைகளில் தங்கி, விடியுமுன் எழுந்து சமைக்கிறார்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் இவர்கள் மலையேறும்போது கொழும்பின் பல கடைகள் ஆளின்றித் தடுமாறுகின்றன. கொழும்புச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோர் முதலாளியின் பெயரையும் கடையின் வயதையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எமது குறிப்பேட்டில் சமைத்தவரின் ஊரையும் அவரது சம்மதத்துடன் சேர்த்து எழுதும் வழக்கத்தை ஜூலை மாதத்திலிருந்து தொடங்கியுள்ளோம்.

தேநீர் குறித்து ஒரு சொல். கொழும்புக் கடைகளில் பெரும்பாலும் பயன்படுவது சல்லடையின் கடைசியில் விழும் டஸ்ட் தேயிலை. சாயம் விரைவாகவும் கடுப்பாகவும் இறங்குவதால் அது கடைக்கு ஏற்றது என்பதைத் தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றிய எமது மூத்த அங்கத்தவர் விளக்கினார். டின்பாலும் சீனியும் சேர்த்து ஆற்றித் தரும்போது குறை சொல்ல முடியாது. பிளேன்டீயாகக் கேட்டால் மலையகத்தவரின் நாக்கு ஒத்துக்கொள்வதில்லை.

செலவு பற்றியும் குறிப்பிட வேண்டும். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. பெரிய உணவகங்களில் அதனுடன் 10 சதவீத சேவைக் கட்டணமும் சேர்வதால், விலைப்பட்டியலைப் பார்த்து எண்ணிய தொகைக்கும் இறுதிப் பற்றுச்சீட்டுக்கும் இடையே கணிசமான வித்தியாசம் உண்டு. சிறிய கடைகளில் சொன்ன விலையே கொடுக்கும் விலை. எனினும் அங்கும் ஒரு புரியாணியும் ஒரு பானமும் சேர்ந்தால், 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் 1,350 ரூபா நாட்சம்பளத்தை நெருங்கிவிட்டது. ஆகையால் தோட்டங்களில் தொழில் செய்யும் அங்கத்தவர்களின் பயணச் செலவில் பாதியைச் சங்க நிதியிலிருந்து வழங்கும் ஏற்பாடு தொடர வேண்டும். கிராமிய உணவு என்ற பெயரில் மட்பாண்டத்தில் குரக்கன் பிட்டும் மரவள்ளியும் பரிமாறி, தோட்டத்து வீட்டில் எவரும் நம்பாத விலை கேட்கும் இடங்களுக்கு அந்த நிதியைச் செலவிடுவதை நான் ஆதரிக்கவில்லை.

எதிர்வரும் ஆண்டிற்காக இரு பிரேரணைகளை நிர்வாகக் குழுவின் சம்மதத்துடன் இச்சபையின் முன் வைக்கிறேன். முதலாவது, இதுவரை காலடி வைக்காத கொட்டாஞ்சேனை, மருதானைப் பகுதிகளை அடுத்த காலாண்டில் பார்ப்பது. அப்பகுதியிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் மக்கள் பெருந்திரளாகக் கூடும் செவ்வாய்க்கிழமையை அதற்கெனத் தெரிவு செய்வது. இரண்டாவது, புதுக்கடைக்கான இரவுப் பயணத்தில் மகளிர் அங்கத்தவர்களும் பங்குகொள்ளும் வகையில் திரும்புவதற்கு வாடகை வாகனம் ஒன்றை ஒழுங்கு செய்வது. இதற்கான மேலதிகச் செலவு பொருளாளரின் உத்தேச வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. இவ்வறிக்கையையும் பிரேரணைகளையும் சபை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
ஹட்டன்