சுவரில் ஒரு களனி கங்கை: மட்டக்குளி வாசிகசாலைக் குழுவின் வேண்டுகோள்

அன்புடையீர்,

வாசிகசாலைப் பிள்ளைகளிடம் களனி கங்கையை வரையச் சொன்னோம். எல்லோரும் நீலத்தில் ஒரு நேர்கோடு இழுத்தார்கள். காக்கைதீவுப் பக்கம் கழிமுகத்தில் அவர்கள் பார்ப்பதோ பால்தேத்தண்ணி நிறத் தண்ணீர், மிதந்து வரும் ஆகாயத்தாமரை, அதன் மேல் சவாரி செய்யும் கொக்கு.

அதே ஆற்றுத் தண்ணீர்தான் அம்பத்தலையில் சுத்தமாகி நம் பைப்பில் வருகிறது. வரட்சியில் கடலுப்பு அங்கு ஏறிவிடாமல் ஆற்றுக்குக் குறுக்கே மணல்மூட்டை அடுக்கிய காலமும் உண்டு.

ஆகவே வாசிகசாலைப் பின்சுவரில் முழு ஆற்றையும் சீமெந்தில் புடைப்பாகச் செய்யப் போகிறோம். பேப்பர்க்கூழில் செய்த முதல் மாதிரியைச் சுண்டெலி தின்றுவிட்டது. சரி, சீமெந்துதான் என்று முடிவு.

ஆறு 145 கிலோமீட்டர். பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு அடி என்றால் பதினாலரை அடி, சுவர் தாங்கும். மலைதான் இடக்குப் பண்ணியது. ஆறு புறப்படும் பக்கத்து 2,243 மீற்றர் சிவனொளிபாதமலை அந்தக் கணக்கில் மூன்று அங்குலம்கூட வராது. அதனால் உயரத்தை மட்டும் ஐந்து மடங்காக்கியிருக்கிறோம். இந்தப் பொய்யை ஓரத்தில் எழுதியும் வைப்போம். ஆற்றின் தலையோடைகளான மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமு ஓயாவும் சேர்ந்து கித்துல்கல தாண்டுவதற்குள் உயரம் அநேகமாகத் தீர்ந்துவிடும், அப்புறம் சமவெளிதான். மேலே வேகமாக இறங்கும் மழை கீழே வந்து தேங்குகிறது. 2016 மே மாதம் கொலன்னாவைத் தெருக்களில் படகு ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கிக் கிடக்கிறது. தண்ணீர் வற்றினால் பழைய கோவில் தலைகாட்டும். அந்தக் கோவிலும் சுவரில் இருக்கும். நம்மில் பலருக்கு ஊரே அந்தப் பக்கம்தானே.

உயிரினங்களில் நீர்நாய், மீன்பிடிப் பூனை, மீன்கொத்தி வரும். கபரகொய்யா என்ற நீருடும்புக்கு மாதிரி தேடவேண்டியதில்லை, நம் ஒழுங்கைக் கானிலேயே தலையை நிமிர்த்திக்கொண்டு போகிறது. சின்ன மீன்களுக்குத்தான் எங்கள் ஓட்டு. கலபிட்டமட அருகே ஒரு சிற்றோடையில் வாழும் பண்டுல பெத்தியாவை 1991இல்தான் அறிவியல் பெயரிட்டது. விரல் நீளம்கூட இல்லாத அதைச் சுவரில் உள்ளங்கையளவு செய்வோம்.

மொத்த மதிப்பீடு 240,000 ரூபா. கையில் 95,000 இருக்கிறது. மிச்சம் 145,000, அதாவது கிலோமீட்டருக்கு ஆயிரம். விரும்பிய கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளலாம், பெயர் பலகையில் வரும். சீமெந்து மூட்டையோ மிஞ்சிய பெயின்ட் வாளியோ தந்தாலும் சந்தோஷம். மேசன் வேலை தெரிந்தவர் இரண்டு நாள் ஒதுக்கினால் அதைவிடச் சந்தோஷம்.

கழிமுகத்துக் கடைசிக் கிலோமீட்டரைப் பிள்ளைகள் உண்டியல் காசில் எடுத்துவிட்டார்கள். அதை மட்டும் கேட்காதீர்கள்.

ஞாயிறுதோறும் காலை 9 முதல் 12 வரை வாசிகசாலையில் இருப்போம். பணம் தந்தால் பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசிகசாலைக் குழுவினர்
மட்டக்குளி, கொழும்பு 15