மாடிச் சாவி

மாப்ள,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். நோம்பிக்கு வராமல் போனதற்கும் சேர்த்தே திட்டு. வீட்டில் முட்டி ஆபரேஷன் முடிந்து நடக்கிறாள். நீ அனுப்பிய எண்ணெய் வந்தது. செக்கு எண்ணெய்தானா என்பதில் எனக்குச் சந்தேகம்.

சரி, விஷயம் வேறு. மாடி போர்ஷனுக்குப் போன ஞாயிறு ஒரு பையன் வந்தான். பம்ப் கம்பெனியில் வேலை, கைக்குழந்தை. பேரைக் கேட்டபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அட்வான்ஸ் பேசி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே "எந்தப் பக்கம் தம்பி?" என்றேன். "கோட்டைமேடுங்க" என்றான். முஸ்லிம்கள் நிறைந்த பகுதி, உனக்குத் தெரியாததா. "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்றுவிட்டேன். நான் என்றைக்கு வீட்டில் கேட்டிருக்கிறேன்?

மூன்று நாளாகத் தூக்கம் சரியில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று நம்ம கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்தபோது பெரியாஸ்பத்திரி வாசலில் ரத்தம் கொடுக்க நின்றோமே. 58 பேர் செத்தார்கள். அது பயங்கரவாதம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அதற்கு முந்தின நவம்பரில் போலீஸ்காரர் ஒருவரைக் கொன்ற பிறகு 18 முஸ்லிம்கள் செத்ததை என்னவென்று சொன்னோம்? 'கலவரம்'. கலவரமென்றால் மழை மாதிரி, தானாக வந்து தானாகப் போகும், செய்த ஆளே கிடையாது. பயங்கரவாதம் என்றதும் செய்தவனோடு அவன் தெருவும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தபோதும் பார்த்தாயே. 'சிலிண்டர் வெடிப்பு' என்றால் ஒரு கட்சி, 'தற்கொலைப்படை' என்றால் இன்னொரு கட்சி. செட்டியார் டீக்கடையில் நான் வெறுமனே "கார் வெடிச்சது" என்றதற்கு, "நீங்க எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்கள்!

2019இல் நியூசிலாந்து மசூதிகளில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவனைப் பயங்கரவாதி என்றுதான் சொன்னார் அந்த நாட்டுப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன். ஆனால் அவன் பேரை வாயால் சொல்ல மாட்டேன் என்றார். நம்மூரில் குண்டு வைத்தவன் பேர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? தெருப் பேர் மட்டும் என் நாக்கிலேயே இருந்திருக்கிறது.

லேத் பாய் ஒர்க்‌ஷாப்பைக் காலி பண்ணிக்கொண்டு ஈரோட்டுக்குப் போனபோது, "தொழில் டல்லுங்க" என்றார். நாமும் நம்பின மாதிரி இருந்துவிட்டோம்.

அந்தப் பையனுக்கு நேற்று இரண்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. சாவி டிவி மேலேயே கிடக்கிறது. அப்புறம், பாய் நம்பர் உன்னிடம் இருந்தால் அனுப்பு. என்ன பேசுவேன் என்று கேட்காதே.

சுப்பு