கதவை மாசிக்குத் தள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார்த்திகை பிறந்துவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெயின்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொங்கலுக்குள் சுவருக்கு வெள்ளை, கிரில்லுக்கு எனாமல். இப்போது கூடவே வாசல் கதவுக்குத் 'தேக்கு டிசைன்'. ஓசூரின் புது மனைப்பிரிவுகளில் இருந்து பென்னாகரம், அரூர் பக்கத்துச் சிற்றூர்கள் வரை இரும்புக் கதவையும் சிமென்ட் நிலையையும் மரம்போலத் தீட்டுகிறார்கள். தேக்கு விற்கும் விலையில் இது நல்ல வழிதான். ஆனால் இப்படித் தீட்டிய கதவுகளில் பல, அடுத்த ஆடிக்குள் செதில் செதிலாக உரிகின்றன. உரியாமல் நிற்பவையும் பத்தடி தள்ளி நின்று பார்த்தாலே பெயின்ட் என்று தெரிந்துவிடுகின்றன. டப்பாவில் இருந்த பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிப்படை வேலையிலும் அவசரத்திலும்தான் கோளாறு. வீட்டுக்காரர்களும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறோம்.

தோற்றத்தில் இருந்து தொடங்கலாம். வெளிர்ந்த அடிநிறம் காய்ந்ததும் அதன்மேல் அடர்ந்த பூச்சைத் தடவி, ஈரமாக இருக்கும்போதே ரப்பர் கட்டையாலோ பல்வைத்த சீப்பாலோ இழுத்தால் மரத்தின் கோடுகள், அதாவது ரேகை, விழும். பலர் கடையில் விற்கும் ரப்பர் ரேகைக் கட்டையை வாங்கி, கதவின் உச்சியில் இருந்து அடிவரை ஒரே வீச்சில் இழுத்துவிடுகிறார்கள். எந்தத் தச்சரும் ஒரே பலகையில் கதவு செய்வதில்லை. இரண்டு ஓரத்திலும் நெட்டுச் சட்டம், மேலும் நடுவிலும் கீழும் குறுக்குச் சட்டம், இடையில் பலகை என்றுதான் கூட்டுவார். நெட்டுச் சட்டத்தில் ரேகை மேலிருந்து கீழே ஓடும், குறுக்குச் சட்டத்தில் படுக்கையாக ஓடும். இரண்டும் சேரும் இடத்தில் படுக்கை ரேகை சட்டென்று அறுபட்டு நிற்கும். பார்ப்பவர் கண் தன்னையறியாமல் தேடுவது அந்த அறுபட்ட இடத்தைத்தான். அது இல்லாத கதவு எவ்வளவு நல்ல நிறத்தில் இருந்தாலும் மரமாகத் தெரியாது.

அதனால் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. பலகைகளை முதலில் முடிக்க வேண்டும். பிறகு நடுவில் நிற்கும் சட்டம், அதன்பின் குறுக்குச் சட்டங்கள், கடைசியாக இரண்டு ஓரத்து நெட்டுச் சட்டங்கள். ஒவ்வொன்றையும் முடித்ததும் பக்கத்துச் சட்டத்தில் வழிந்த வண்ணத்தை, பட்டித் தகட்டில் பழந்துணியைச் சுற்றி நேர்கோடாகத் துடைத்து எடுக்க வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டலாம், ஆனால் அடியில் இருக்கும் ரேகைப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் டேப்போடு ரேகையும் வந்துவிடும். நிலையும் அப்படித்தான். இரண்டு நிலைக்காலிலும் ரேகை செங்குத்தாகவும், மேல் சட்டத்தில் படுக்கையாகவும் ஓட வேண்டும்.

சட்டமே இல்லாத தட்டைத் தகடு என்றால், பென்சிலால் 4 முதல் 6 அங்குல அகலப் பலகைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பலகையிலும் மலை மலையான வளைவுகளைப் போடக் கூடாது. மரத்தின் நடுவை ஒட்டி அறுத்த பலகையில் நேர்கோடுகள்தான் இருக்கும், நடுவைவிட்டு விலகி அறுத்ததில்தான் மலைவளைவு வரும். ஐந்து பலகைக்கு இரண்டில் வளைவு போதும். மற்ற மூன்றிலும் சீப்பை மட்டும் இழுத்தால் போதும். பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் வளைவின் உச்சி ஒரே உயரத்தில் வரக் கூடாது. நிறத்திலும் ஒன்றுக்கொன்று ஒரு பிடி வித்தியாசம் இருக்கட்டும். ரப்பர் கட்டையை இழுத்துக்கொண்டே மெல்லச் சாய்த்தால் வளைவு வரும். சாய்த்துச் சாய்த்து நிமிர்த்தினால் கண் கண்ணாக முடிச்சுகள் விழும். நல்ல தேக்கில் முடிச்சு குறைவு, ஒரு கதவுக்கு இரண்டு கண்ணே அதிகம். இழுப்பை நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் பட்டை விழும், ஆகவே பலகையின் முழு நீளத்தையும் ஒரே மூச்சில் இழுத்து முடிக்க வேண்டும்.

ரேகை எடுத்ததோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். தேக்கில் கூர்ந்து பார்த்தால் மெல்லிய கருங்கீறல்கள் பொடிப்பொடியாகத் தெரியும். அது மரத்தின் துவாரம். பூச்சு இறுகத் தொடங்கும் நேரத்தில், நீள மயிர் கொண்ட காய்ந்த பிரஷின் பட்டையான பக்கத்தால் கீழிருந்து மேலாக லேசாகத் தட்டிக்கொண்டே போனால் அந்தக் கீறல் அப்படியே விழும். பிறகு மிருதுவான பிரஷை இறகு தொடுவதுபோல் ரேகை ஓடும் திசையில் ஓட்டினால் கூர்மை மங்கி மரத்தன்மை வரும். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு பலகைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதை விட்டுவிடுவதால்தான் முக்கால்வாசிக் கதவுகள் பொம்மைக் கதவாகத் தெரிகின்றன.

இனி உரிவதைப் பற்றி. இரும்புத் தகட்டில் பட்டறையின் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, துணியை மாற்றி இன்னொரு முறை துடைக்க வேண்டும். துருவைக் கம்பி பிரஷாலும் 80 எண் உப்புத்தாளாலும் எடுத்துவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். கால்வனைஸ் தகட்டில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண எனாமலை நேரே அடித்தால் அதிலுள்ள எண்ணெய்ச் சத்து துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப்போல் ஆகி, சில மாதங்களில் தாள் தாளாகக் கழன்றுவிடும். அதற்கு எட்ச் பிரைமரோ எபாக்ஸி பிரைமரோ அவசியம். சிமென்ட் நிலைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். புதுச் சிமென்டின் காரம் எண்ணெய் பெயின்டைத் தின்றுவிடும். வார்த்து 28 நாளாவது ஆகி, ஈரம் முழுக்கப் போன பிறகு காரம் தாங்கும் பிரைமர் அடிக்க வேண்டும். மா, வேம்பு போன்ற மரக் கதவானால் முடிச்சுகளில் அரக்குக் கரைசல் இரண்டு கோட் கொடுத்து அடைக்க வேண்டும், இல்லையென்றால் பிசின் கசிந்து மஞ்சள் வட்டம் வரும். பட்டி பார்த்து 120, பிறகு 220 எண் தாள் போட்டுத் தேய்க்க வேண்டும்.

பழைய எனாமல் கதவைச் சுரண்டும்போது கவனம் தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

அடிநிறம், மரத்தில் இருக்கும் மிக வெளிர்ந்த நிறமாக இருக்க வேண்டும். தேக்குக்கு மஞ்சள் கலந்த இளம்பழுப்பு, ஈட்டிக்குச் செம்பழுப்பு. சாட்டின் எனாமல், அதாவது அரைப் பளபளப்பு வகை, இரண்டு மெல்லிய கோட். 7 அடிக்கு 3 அடிக் கதவின் இரு முகத்துக்கும் நிலைக்கும் சேர்த்து 1 லிட்டர் போதும். முழுப் பளபளப்பு எனாமலில் மேல்பூச்சு ஒட்டாமல் முத்து முத்தாகத் திரண்டுவிடும். அப்படித் திரண்டால் துடைத்துவிட்டு 400 எண் தாளால் பளபளப்பைக் கொல்ல வேண்டும். மங்கலான மேட் பெயின்டோ பூச்சை உறிஞ்சிக்கொண்டு, ரேகை எடுக்க விடாது.

ரேகை எடுக்கும் பூச்சுக்கு ஒரு கதவுக்கு 250 மில்லி போதுமானது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் 80 மில்லி, டர்பன்டைன் 160 மில்லி, சீக்கிரம் காயவைக்கும் டிரையர் 10 மில்லி, நிறத்துக்கு ரா சியன்னா, பர்ன்ட் அம்பர் என்ற நிறக்குழம்புகள் (ஸ்டெய்னர்) சேர்த்து 20 மில்லிக்குள். ஸ்டெய்னர் கூடினால் பூச்சு காயாமல் நாள்கணக்கில் கையில் ஒட்டும். கதவில் தடவி விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். கோடு மூடிக்கொண்டால் பூச்சு நீர்த்துவிட்டது, கோட்டின் இரு கரையும் வரப்புப்போல் எழுந்து நின்றால் தடித்துவிட்டது. இதற்குப் பதிலாகத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கிளேஸ் என்ற ரேகைப் பூச்சும் உண்டு. வாடை குறைவு. ஆனால் தருமபுரி வெயிலில் ஒரு சட்டம் முடிவதற்குள் இறுகிவிடும், கை பழகியவர்களுக்கே அது சரிப்படும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய டப்பாவில் போடுங்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். கதவு முழுமையாக முடிய 10, 11 நாள் ஆகும். பிரைமர், பட்டி, மறுபடி பிரைமர் என்று 3 நாள். அடிநிறம் 2 நாள். ரேகை ஒரு முகத்துக்கு ஒரு நாள் என்று 2 நாள். பிறகு எண்ணெய்ப் பூச்சு உள்ளே காய இரண்டு மூன்று நாள். கடைசியாக பி.யு. (பாலியூரிதேன்) கிளியர் என்ற நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு இரண்டு கோட், இடையில் 320 எண் தாளால் பட்டும் படாமலும் தேய்ப்பு. ஒரு நாளில் கை வேலை இரண்டு மூன்று மணி நேரம்தான், மற்றதெல்லாம் காய்வதற்கான நேரம். இரண்டு நாளில் முடிக்கச் சொன்னால் பெயின்டர் காயாத பூச்சின்மேல் கிளியர் அடிப்பார். அது சுருங்கிக் கிழவர் கைத்தோல்போல் ஆகும். அதைச் சரிசெய்ய முழுவதையும் உரித்தே ஆக வேண்டும்.

இந்த அவசரம் மார்கழியில் வருவதுதான் இன்னும் கேடு. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் காலை ஒன்பது மணிவரை பனி இறங்கும். குளிர்ந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். அதன்மேல் அடித்த கிளியர் ஒட்டாது, சில வகை வார்னிஷ் பால்போல் வெளுத்துவிடும். மார்கழியில் அடித்தே ஆக வேண்டுமென்றால் காலை 10 மணிக்கு மேல் தொடங்கி 3 மணிக்குள் நிறுத்துங்கள். சித்திரையில் இதற்கு நேர்மாறான சிக்கல். வெயில் படும் தகட்டில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை என்றால் அதில் பெயின்ட் அடிக்கக் கூடாது. தின்னர் உடனே ஆவியாகிப் பிரஷ் இழுக்கும், கொப்புளம் வரும். அம்மி பறக்கும் ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும். பர்கூர் பக்கத்துக் கிரானைட் தூசு எந்த மாதத்திலும் விடாது, அங்கே கிளியர் அடிக்கும் முன் தரையில் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். பனியும் இல்லாமல் கடும் வெயிலும் இல்லாமல் இருப்பது மாசிதான். பொங்கலுக்குச் சுவரை அடியுங்கள், கதவை மாசிக்குத் தள்ளுங்கள். தையில் புதுமனை புகுவிழா வைத்திருப்பவர்கள் கதவைக் கழற்றி, வீட்டுக்குள் முக்காலிகள் மேல் படுக்கவைத்துக் கார்த்திகையிலேயே தொடங்குவது நல்லது. கழற்றினால் இன்னொரு லாபமும் உண்டு. மரக் கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பூச்சு கொடுக்க முடியும். மழைநீர் ஏறுவது அந்த அடி விளிம்பு வழியாகத்தான், அதை யாரும் தொடுவதே இல்லை.

நம் வீட்டு வாசலுக்கென்று சில தேவைகள் உண்டு. மாவிலைத் தோரணத்துக்கு ஆணி அடிப்பதென்றால் பெயின்டுக்கு முன்பே அடித்துவிட வேண்டும், பிறகு அடித்தால் அந்த ஓட்டையில் இருந்துதான் உரிவு தொடங்கும். மஞ்சள் குங்குமம் வைக்கும் நிலையின் அடி ஒன்றரை அடிக்குக் கூடுதலாக ஒரு கோட் கிளியர் கொடுத்தால் கறை ஊறாது. வெயில் படும் வாசலுக்கு வெளிப்புற வகை பி.யு.வே வேண்டும். பிரெஞ்சு பாலிஷ் தண்ணீர் பட்டால் வெளுக்கும், அது உள்ளறைக்குத்தான்.

இதெல்லாம் போலி வேலை, ஏமாற்று என்று சிலர் சொல்கிறார்கள். மரமென்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டு நடுக்கூடத்தின் பைன் பலகைகளை மகாகனிபோலத் தீட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் தாமஸ் கெர்ஷா என்ற பெயின்டர் 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியிலும் 1855இல் பாரிஸ் கண்காட்சியிலும் இந்த வேலைக்கே பரிசு வாங்கினார். அவர் தீட்டிய பலகைகளை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

பெயின்டர் பிரிவு உள்ள தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்த ரேகை வேலையையும் சொல்லித்தர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். ரப்பர் கட்டை எல்லாக் கடையிலும் இருக்கிறது, அதைப் பிடிக்கச் சொல்லித்தரும் இடம்தான் இல்லை. வீட்டுக்காரர்கள் கூலி பேசுவதற்கு முன் 2 அடிக்கு 1 அடி பிளைவுட்டில் மாதிரி கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு நெட்டுச் சட்டமும் ஒரு குறுக்குச் சட்டமும் சேரும் இடம் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பெயின்டிங் தொழிலாளர்கள் சிலர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.