டெப்ரெட்சனிலிருந்து: சிறிய ஆங்கிலச் சொற்களும் ஹங்கேரிய மொழியும்

டெப்ரெட்சன், ஹங்கேரி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணியின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, அவர்கள் மீண்டும் நாளிதழ் படிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தி எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதியைத் தந்தது. இங்கே நாங்களும் நலமாக இருக்கிறோம்.

ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்கையேடு ஒன்றைத் தொகுக்கத் தொடங்கியிருப்பதாகவும், ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல் மட்டும் தந்தால் போதாதா என்று உடன் பணியாற்றுகிறவர்கள் கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நானும் இங்குள்ள ஆங்கில ஆசிரியை ஒருவரும் ஏறத்தாழ இதே வேலையை ஹங்கேரிய மாணவர்களுக்காகச் செய்துகொண்டிருப்பதால், உங்கள் கேள்வியைப் படித்த நாள்முதல் வேறு எதைப் பற்றியும் எழுதத் தோன்றவில்லை.

பெரிய சொற்கள் எங்களுக்குத் தொல்லை தருவதில்லை. ஆக்சிஜனும் ஜனநாயகமும் இங்கே ‘ஒக்ஸிகேன்’, ‘தெமொக்ராட்சியா’ என்று ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. கணினியின் ‘மவுஸ்’ எலியைக் குறிக்கும் ‘எகேர்’ ஆகவும், ‘விண்டோ’ சன்னலைக் குறிக்கும் ‘அப்லக்’ ஆகவும் ஒரே எட்டில் கடந்துவிடுகின்றன. ‘லைக்’, ‘கெட்’, ‘ஓல்டு’, ‘சிஸ்டர்’, ‘யூ’ என்று முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் கற்கும் சொற்களில்தான் நாங்கள் நாள்கணக்கில் நின்றுவிடுகிறோம்.

‘லைக்’ என்னும் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின்மீது நமக்கு நிலையாக உள்ள விருப்பத்தைச் சொல்ல ஹங்கேரியர்கள் ‘ஸெரெத்’ என்ற வினையைப் பயன்படுத்துகிறார்கள். இப்போது பார்த்த வீடோ சட்டையோ, கேட்ட பாட்டோ மனத்துக்குப் பிடித்துப்போனால் ‘தெத்ஸிக்’ என்கிறார்கள். உண்டுகொண்டிருக்கும் உணவு நாவுக்குப் பிடித்திருந்தால் ‘ஈஸ்லிக்’ என்கிறார்கள். ‘ஈஸ்’ என்றால் சுவை. ஒருவர் வீட்டில் விருந்துண்ணும்போது, பரிமாறப்பட்ட சூப்பைப் பற்றி ‘ஈஸ்லிக்’ என்று சொன்னால் சமைத்தவர் முகம் மலரும். அதே இடத்தில் சூப்பை ‘ஸெரெத்’ என்ற வினையோடு சேர்த்துச் சொன்னால், பொதுவாக எனக்குச் சூப் பிடிக்கும் என்ற தகவல் மட்டும் அவருக்குக் கிடைக்கும். தாம் சமைத்தது எப்படி இருந்தது என்பது தெரியாமலே போகும். ‘தெத்ஸிக்’, ‘ஈஸ்லிக்’ ஆகிய இரண்டுமே ‘எனக்கு’ என்னும் நான்காம் வேற்றுமையோடு வருபவை என்பது உங்களுக்கு மகிழ்ச்சியளிக்கும். ‘நெகெம் தெத்ஸிக்’ என்பதை ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதிவிடலாம். ஆங்கில வாக்கியத்தில் ‘நான்’ எழுவாயாக நிற்கிறது. ஹங்கேரியத்திலும் தமிழிலும் பிடித்த பொருளே எழுவாயாகிறது.

‘லவ்’ என்ற சொல் இதைவிட நுட்பமானது. வினையாக வரும்போது ‘ஸெரெத்’ ஒன்றே போதும். ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்பதை எழுவாயும் செயப்படுபொருளும் விகுதிக்குள் அடங்கிய ‘ஸெரெத்லெக்’ என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லாகும்போது அது இரண்டாகப் பிரிகிறது. காதலர்க்கிடையே உள்ளது ‘ஸெரெலெம்’. பெற்றோர், நண்பர், சக மனிதர், இறைவன் மீது கொள்வது ‘ஸெரெத்தெத்’. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய திருமுகத்தில் அன்பைப் போற்றும் புகழ்பெற்ற பகுதியில் இருப்பது ‘ஸெரெத்தெத்’. காதல், அன்பு என்ற பிரிவை அறிந்த நமக்கு இது எளிது. ஆனால் ஆங்கிலக் கவிஞர் ஒருவர் வேண்டுமென்றே இரண்டையும் கலந்து ‘லவ்’ என்று எழுதியிருந்தால், ஹங்கேரிய மொழிபெயர்ப்பாளரும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் ஒரே இடத்தில் நின்று, கவிஞர் திறந்துவைத்த கதவுகளில் ஒன்றைச் சாத்த வேண்டியிருக்கிறது.

உறவுச் சொற்களைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அண்ணனுக்கு ‘பாத்யா’, தம்பிக்கு ‘ஒச்’, அக்காவுக்கு ‘நோவேர்’, தங்கைக்கு ‘ஹூக்’ என்று இவர்களுக்கும் நான்கு சொற்கள் உண்டு. ஆங்கிலக் கதையில் ‘அவளுடைய சிஸ்டர் வந்தாள்’ என்று வந்தால், மூத்தவளா இளையவளா என்பதை அறிய மொழிபெயர்ப்பாளர் பின்வரும் பக்கங்களைப் புரட்ட வேண்டும். ‘நோவேர்’ என்ற சொல் மருத்துவமனைச் செவிலியரையும் குறிப்பதால், நோயாளி ‘நோவேர்’ என்று அழைத்தார் என்ற வாக்கியத்தில் வந்தவர் யார் என்பதைச் சூழ்நிலைதான் சொல்ல வேண்டும். ‘உனக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா’ என்று பொதுவாகக் கேட்பதற்கு ‘தெஷ்த்வேர்’ என்ற அழகிய சொல் இருக்கிறது. உடல், இரத்தம் என்ற இரண்டு சொற்கள் இணைந்து உண்டானது அது. இதை எல்லாம் பார்த்து உறவுமுறை முழுவதும் நம்முடையது போல இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அத்தை மகன், மாமன் மகள், சித்தப்பா மகன் என்று நாம் கவனமாகப் பிரிக்கும் உறவுகள் எல்லாம் இங்கே ‘உனொகதெஷ்த்வேர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அது ஆணா பெண்ணா என்பதையும் சொல்லாது.

ஆண்பால், பெண்பால் என்ற இலக்கண வேறுபாடு ஹங்கேரியப் பெயர்ச்சொற்களிலும் வினைகளிலும் எங்குமே இல்லை. ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் ‘ஓ’ என்ற ஒரே சொல்தான். ஓர் ஆணும் பெண்ணும் நெடுநேரம் உரையாடும் ஆங்கிலக் கதையில் ‘ஹீ’, ‘ஷீ’ என்று மாறி மாறி வருவதை வைத்தே யார் பேசுகிறார் என்பதை வாசகர் அறிகிறார். அதை அப்படியே ‘ஓ’, ‘ஓ’ என்று மாற்றினால் பேச்சு முழுவதும் ஒருவருடையதாகிவிடும். ஆகவே மொழிபெயர்ப்பாளர் பெயரைச் சேர்க்கிறார், அல்லது ‘அந்த மனிதர்’, ‘அந்தப் பெண்’ என்று எழுதுகிறார். வினைமுற்றிலேயே பால் தெரிந்துவிடும் தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக வருவதில்லை.

‘யூ’ விஷயத்தில் நாமும் அவர்களும் மீண்டும் ஒன்றுபடுகிறோம். நெருங்கியவரை ‘தெ’ என்றும், அலுவல்முறையிலும் அறியாதவரிடமும் ‘ஒன்’ என்றும் சொல்கிறார்கள். ‘மகா’ என்ற மூன்றாவது சொல்லும் உண்டு, ஆனால் அதை இடமறியாமல் சொன்னால் கேட்பவருக்குச் சுருக்கென்று படும். ‘ஒன்’, ‘மகா’ இரண்டும் படர்க்கை வினையோடு வரும். இளையவர்கள் முதியவரிடம் பேசும்போது, மேலே சொன்ன ‘தெத்ஸிக்’ என்ற வினையையே மரியாதைச் சொல்லாக்கி, ‘எப்படி இருக்கத் தங்களுக்குப் பிடித்திருக்கிறது’ என்பது போல் நலம் விசாரிக்கிறார்கள். பிள்ளைகள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் இப்படிப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும். இதில் மொழிபெயர்ப்பாளரின் உண்மையான சுமை நாவல்களில்தான் தெரிகிறது. கதை தொடங்கும்போது அந்நியராக இருந்த இருவர் நண்பராகவோ காதலராகவோ ஆகிறார்கள். ஆங்கில மூலத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ‘யூ’ மட்டுமே இருக்கிறது. எந்தப் பக்கத்தில் ‘ஒன்’ முடிந்து ‘தெ’ தொடங்குகிறது, அந்த மாற்றத்தை முதலில் செய்கிறவர் யார் என்பதை மூல ஆசிரியர் எழுதவே இல்லை. மரபுப்படி வயதில் மூத்தவரோ, ஆணும் பெண்ணும் என்றால் பெண்ணோதான் அந்த உரிமையை முன்வந்து தர வேண்டும் என்பதால், ஒரு பிரதிப்பெயரை மாற்றும்போது மொழிபெயர்ப்பாளர் ஒரு காட்சியையே தாமாக எழுதுகிறார். ‘நீங்கள்’ என்பது ‘நீ’ ஆகும் இடத்தைத் தேடி நம் மொழிபெயர்ப்பாளர்களும் இதே தயக்கத்தோடுதான் பக்கங்களைப் புரட்டியிருப்பார்கள்.

‘கெட்’ என்ற சொல்லுக்கு எங்கள் கையேட்டில் தனிச்சொல் தரும் முயற்சியையே கைவிட்டுவிட்டோம். கடிதம் பெற்றால் ‘கப்’. சொன்னது புரிந்தால் ‘ஏர்த்’. டிராமில் ஏறினால் ‘ஃபெல்ஸால்’, இறங்கினால் ‘லெஸால்’. ‘ஃபெல்’ என்றால் மேலே, ‘லெ’ என்றால் கீழே. இத்தகைய முன்னொட்டுகள் வினையின் திசையையும், பல இடங்களில் செயல் முடிந்துவிட்டதா என்பதையும் காட்டுகின்றன. இருட்டத் தொடங்குவதை ஆங்கிலத்தில் ‘கெட்’ சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே, நாம் ‘இருட்டுகிறது’ என்று சொல்வது போலவே, ஒரே வினை போதும். ‘கெட் மேரிட்’ என்று திருமணத்துக்கு வரும்போது, இலக்கணத்தில் பால் வேறுபாடற்ற இந்த மொழி திடீரென்று ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறது. ஆண் மணம் செய்தால் ‘நோஷுல்’; அதற்குள் பெண் என்று பொருள்படும் ‘நோ’ இருக்கிறது. பெண் மணம் செய்தால், ‘கணவனிடம் போகிறாள்’ என்ற பொருளில் ‘ஃபேர்ஹெஸ் மெஜ்’. ஆண் ஒரு பெண்ணை ‘எடுத்துக்கொள்கிறான்’ என்று சொல்லும் வழக்கும் உண்டு. பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் நம் ஊர்ப் பேச்சில் இருப்பதால் இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலம் வழியாக மட்டும் உலகைப் பார்க்கும் இங்குள்ள மாணவர்களுக்கு, தங்கள் தாய்மொழி இப்படிப் பிரிக்கிறது என்பதே எங்கள் கையேட்டுக்காகக் கேட்ட பிறகுதான் கவனத்துக்கு வந்தது.

‘ஓல்டு’ என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுநாளாக இருந்துவருவது ‘ரேகி’, வயதானது ‘ஒரெக்’, முதியவரை மரியாதையாகச் சொல்லும்போது ‘இதோஷ்’. உங்களை நான் ‘ரேகி பராத்’ என்றுதான் இங்குள்ளவர்களிடம் சொல்கிறேன். ‘ஹாட்’ என்பது காப்பிக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, மிளகாய்க்கு ஒன்று. கடைகளில் பாப்ரிகா பொடி வாங்கும்போது இனிப்பு வகையா உறைப்பு வகையா என்று பார்த்து எடுக்க வேண்டும். உறைப்பு ‘சீப்போஷ்’ எனப்படுகிறது, கிள்ளுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல் அது.

‘ரெட்’ அவ்வளவு எளிதில் முடிவதில்லை. ஹங்கேரியருக்குச் சிவப்பு இரண்டு: ‘பிரோஷ்’, ‘வொரொஷ்’. தேசியக் கொடியின் சிவப்பும் போக்குவரத்து விளக்கின் சிவப்பும் சிறுமியின் உதட்டுச் சிவப்பும் ‘பிரோஷ்’. திராட்சை மது, செம்முடி, நரி, செஞ்சிலுவைச் சங்கம், செம்படை ஆகியவை ‘வொரொஷ்’. இரத்தத்தைக் குறிக்கும் ‘வேர்’ என்ற சொல்லோடு உறவுடையது அது. முன்னது மலர்ச்சியான, விளையாட்டான சிவப்பு. பின்னது அடர்த்தியும் தீவிரமும் உடையது என்று ஆசிரியை சொல்கிறார். ஆனால் எங்கே எது வரும் என்பதை நிறத்தின் அடர்த்தியை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, ஒவ்வொரு தொடரையும் மரபாகவே கற்க வேண்டியிருக்கிறது.

எதிர்த்திசையிலும், அதாவது ஆங்கிலம் பிரிப்பதை ஹங்கேரியம் ஒன்றாக்கும் இடங்களிலும், வியப்புகள் உண்டு. நிற்கும் மரமும் அறுத்த மரமும் ஹங்கேரியத்தில் ஒரே ‘ஃபா’. நமக்கும் இரண்டும் மரமே. தொடைமுதல் பாதம்வரை ‘லாப்’. நமக்கும் அது காலே. காலமும் வானிலையும் ‘இதோ’. சூரியனும் நாளும் ‘நப்’. மணிநேரமும் கடிகாரமும் பள்ளிப் பாடவேளையும் ‘ஓரா’. எனக்கு மிகவும் பிடித்தது இரட்டை உறுப்புகளைப் பற்றிய அவர்களுடைய எண்ணம். இரண்டு கண்களும் சேர்ந்து ஒரு கண். ஆகவே ஒரு கண்ணை இழந்தவரை ‘ஃபேல்ஸெமூ’, அதாவது அரைக்கண்ணர், என்கிறார்கள். ஆங்கிலம் கற்கும் ஹங்கேரியக் குழந்தை தன் கண்களைப் பன்மையில் எண்ணப் பழகுவது எவ்வளவு பெரிய மனமாற்றம் என்று நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தால் இரு மொழிகளும் உறவா என்று நீங்கள் கேட்பீர்கள். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல், ஹங்கேரியம் அடங்கிய உக்ரிய மொழிகளையும் உள்ளடக்கிய ‘சித்திய’க் குடும்பத்தோடு திராவிட மொழிகளைத் தொடர்புபடுத்தினார். இன்றைய மொழியியல் அதை ஏற்கவில்லை. ஹங்கேரியத்தின் நெருங்கிய உறவினர் சைபீரியாவின் மான்சி, கான்ட்டி மொழிகள். ஃபின்னிஷும் எஸ்தோனியனும் தூரத்து உறவு. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. உறவே இல்லாத இரண்டு மொழிகள், உடைமையைச் சொல்ல ‘எனக்கு இருக்கிறது’ என்ற ஒரே வழியைத் தேர்ந்தெடுத்திருப்பது, உறவாக இருப்பதைவிட ஆழமான செய்தி என்றே நினைக்கிறேன்.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஒர்சாக் லாஸ்லோ 1960இல் வெளியிட்ட பெரிய ஆங்கில–ஹங்கேரிய அகராதியும் அதன் பின்வந்த பதிப்புகளும் பல தலைமுறைகளுக்கு வழிகாட்டியாக இருந்திருக்கின்றன. அதைப் போன்ற பேரகராதியில் ஒரு சொல்லின்கீழ் பல பொருள்களை வரிசையாகத் தரலாம். பெரியவர்கள் தேடி எடுத்துக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளை முதல் பொருளை எடுத்துக்கொண்டு பக்கத்தை மூடிவிடும். ஆகவே எங்கள் கையேட்டில் ஆங்கிலச் சொல்லுக்குக் கீழே முதலில் முழு வாக்கியங்களைத் தருகிறோம். யார், யாரிடம், எதைப் பற்றிச் சொன்னார் என்பது ஒவ்வொரு வாக்கியத்திலும் தெளிவாக இருக்கும். அதன் எதிரே ஹங்கேரிய வாக்கியம் இருக்கும். சொல்லுக்குச் சொல் பட்டியல் எங்கும் கிடையாது. பக்கங்கள் கூடும், அச்சுச் செலவும் கூடும், ஆனாலும் நீங்களும் இதையே செய்ய வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஓர் உதவியும் வேண்டும். ‘லைக்’, ‘கெட்’, ‘டைம்’ ஆகிய மூன்றுக்கும் உங்கள் பிள்ளைகள் பேச்சில் இயல்பாக வரும் தமிழ் வாக்கியங்களைத் தொகுத்து அனுப்புங்கள். எங்கள் ஹங்கேரிய வாக்கியங்களோடு அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க ஆசிரியை மிகவும் ஆவலாக இருக்கிறார். பனிக்காலம் தொடங்குமுன் முதல் பகுதியை அச்சுக்குக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். அதற்குள் உங்கள் பதில் வந்தால் நன்றாக இருக்கும். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்