மின்னஞ்சலுக்குப் போன் வாங்குகிறவருக்கு 108 மெகாபிக்சல் எதற்கு?

ஆசிரியர் அவர்கட்கு,

உங்கள் பத்திரிகையில் வரும் கைத்தொலைபேசி விளம்பரங்களில் கமரா எத்தனை மெகாபிக்சல் என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. எந்த அன்ட்ரொய்ட் பதிப்பு, எந்த வருடம் வரை அப்டேட் வரும் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் காணோம். மெயில் பார்க்கவென்றே போன் தேடுகிறவர்கள் வன்னியில் குறைவில்லை: வேலைக்கு விண்ணப்பம் போட்டவர், வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ படிக்கிற பிள்ளை, விசா அலுவலாக அலைகிறவர். நேர்முகக் கடிதத்தை நாலு நாள் கழித்துக் கொமினிகேஷன் கடையில் திறந்து பார்த்தால் திகதி முடிந்திருக்கும். கையில் 35,000 ரூபாவோடு கடைக்குப் போகிற அப்படியான ஒருவருக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

மலிவு என்றதும் கை முதலில் போவது பட்டன் போனுக்கு. 4ஜி பட்டன் போன்கள் சிலவற்றில் மெயில் என்றொரு மெனுவும் இருக்கும். கடவுச்சொல்லைச் சரியாக அடித்தாலும் பிழை என்றே அது சொல்லும். பிழை உங்களுடையதல்ல. வெறும் கடவுச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற பழைய முறையைக் கூகுள் 2022 மே மாதக் கடைசியில் நிறுத்தியது. ஹொட்மெயில், அவுட்லுக் கணக்குகளுக்கு மைக்ரோசொஃப்ட் 2024 செப்டம்பர் 16இல் நிறுத்தியது. ஜிமெயிலுக்கு மட்டும் ஒரு கொல்லைப்புற வழி மிச்சம்: இரண்டு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) போட்டுவிட்டு, 16 எழுத்தில் ஒரு தனிக் கடவுச்சொல் எடுத்து அடிக்கலாம். அதை அடித்து முடித்தாலும் இணைப்பாக வரும் பிடிஎஃபை அந்தச் சின்னத் திரையில் வாசிக்க முடியாது. பட்டன் போன் கதைப்பதற்குத்தான்.

அடுத்தது பாவித்த போன். நல்லது கிடைக்கும், ஆனால் மூன்று இடத்தில் சறுக்கும். ஒன்று, பழைய சொந்தக்காரரின் கூகுள் கணக்கு. கணக்கை நீக்காமல் பட்டன்களை அமத்திப் போனை அழித்திருந்தால், ஒன் பண்ணியதும் அந்தப் பழைய கணக்கையே கேட்டு நிற்கும். ‘பைபாஸ் பண்ணித் தாறம்’, அதாவது அந்தப் பூட்டைச் சுற்றிக் கடந்து தாறம் என்பார்கள். அடுத்த தடவை ரீசெட் பண்ணினால் மறுபடி கேட்கலாம். விற்கிறவரை உங்கள் முன்னாலேயே கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாகவே அழிக்கச் சொல்லுங்கள். இரண்டு, 2019க்குப் பிறகு வந்த ஹுவாவே மொடல்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூகுள் சேவை இல்லை. பார்க்க அழகாக, விலை குறைவாக இருக்கும். ஜிமெயில் ஆப் நேரே ஏறாது. மூன்று, பதிவு. நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அடித்தால் ஐஎம்இஐ எனும், ஒவ்வொரு போனுக்கும் தனியான 15 இலக்க அடையாள எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண். பெட்டியில் ஒட்டியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். பிறகு ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். காசைக் கொடுப்பதற்கு முன்னால், கடை வாசலில் நின்றே செய்யவேண்டிய வேலை இது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்பும் போனுக்கும் ஒரு சொல். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து சிம் பூட்டோடு (ஒரு கொம்பனியின் சிம் மட்டும் ஓடும்படி) விற்கக் கூடாது, அமெரிக்காவில் அப்படியல்ல. பூட்டு இல்லாவிட்டாலும் அலைவரிசை ஒத்துவர வேண்டும். இங்கே 4ஜிக்கு முக்கியமான அலைவரிசை 1800 மெகாஹேர்ட்ஸ், போன் விபரத்தில் அதைப் பாண்ட் 3 என்று போட்டிருப்பார்கள். 900இல் ஓடும் பாண்ட் 8 தூரம் போகும், காடு, சுவர் தாண்டியும் ஓரளவு வரும். வட அமெரிக்காவுக்கென்று செய்த மலிவு மொடல்கள் சிலவற்றில் இந்த இரண்டும் இருப்பதில்லை. கிளிநொச்சி நகரத்தில் சமாளிக்கலாம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

புதுப் போன் என்றால் 4 ஜிபி ராம் (ஆப்கள் ஓடும்போது பாவிக்கும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பிடம், 5,000 எம்ஏஎச் பற்றரி, இதற்குக் கீழே இறங்கவேண்டாம். ‘8 ஜிபி’ என்று எழுதி அடைப்புக்குள் 4+4 என்று போட்டிருந்தால் உண்மையான ராம் 4தான். மற்றது போனின் சேமிப்பிலிருந்து வெட்டியெடுத்தது. 32 ஜிபியில் பெரும் பங்கைப் போனே தின்றுவிடும், மிச்சத்தை வட்ஸ்அப் படங்கள் நிரப்பும். இடம் முடிந்த போனில் மெயிலோடு வரும் கோப்பு இறங்காது. மெமரி கார்ட்டுக்குத் தனித் தட்டு இருக்கிறதா, இரண்டாவது சிம்மை எடுத்தால்தான் கார்ட் போடலாமா என்பதையும் தட்டை இழுத்தே பாருங்கள். அப்டேட் விசயத்தில் கொம்பனிக்குக் கொம்பனி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்: சாம்சுங் ஏ16க்கு 6 வருடம் என்று சொல்லித்தான் 2024இல் விட்டார்கள். பெயர் தெரியாத சில போன்கள் பெட்டியை விட்டு வெளியே வந்த நாளோடு சரி.

இனிக் கமரா. பெரிய படம் மெயிலுக்கு எதிரி என்பதை யாரும் சொல்வதில்லை. ஜிமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துக் கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றும் படம் எல்லாம் அந்தக் கணக்கில்தான். கடைப் பெடியன் போனைச் செட் பண்ணும்போது பேக்அப்பை ஒன் பண்ணி விட்டுவிடுவான். கோயில் திருவிழா, சாமத்திய வீடு என்று வீடியோ ஏற ஏற 15உம் நிரம்பும். நிரம்பிய கணக்குக்கு வருகிற மெயில் அனுப்பியவரிடமே திரும்பிப் போகும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. போட்டோஸ் ஆப்பில் பேக்அப்பை நிறுத்துவதுதான் புதுப் போனில் செய்யவேண்டிய முதல் வேலை.

அனுப்புவதிலும் இதே சிக்கல். சான்றிதழ்கள் ஆறைப் படம் எடுத்தால் ஒவ்வொன்றும் 5 எம்பி வரலாம். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. அனுப்பும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்களவு பருப்பதால் உண்மையில் 18க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மிஞ்சினால் ட்ரைவ் லிங்க்காக மாறும், அனுமதி கொடுக்க மறந்தால் அலுவலகத்தில் திறக்காது. ட்ரைவ் ஆப்பிலேயே ஸ்கேன் இருக்கிறது, அதால் எடுத்தால் ஆறும் ஒரே பிடிஎஃபாகச் சின்னதாய் அடங்கும். இதற்கு 13 மெகாபிக்சல் தாராளம்.

‘வட்ஸ்அப் வருது, மெயில் மட்டும் வருகுதில்லை’ என்றால் போனைக் குறை சொல்ல முன் பக்கேஜைப் பாருங்கள். சமூக ஊடகங்களுக்கு மட்டுமான டேட்டா பக்கேஜில் ஜிமெயில் ஓடாது. அதுவும் சரியென்றால் பற்றரி சேமிப்பு. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஜிமெயில், பற்றரி என்று போய் அன்ரிஸ்ட்ரிக்டட் ஆக்குங்கள். ரெட்மியில் ஓட்டோஸ்டார்ட்டையும் ஒன் பண்ணவேண்டும். கடையிலேயே சோதிக்கலாம்: வைஃபையை நிறுத்தி, உங்கள் சிம்மைப் போட்டு, கணக்கைத் திறந்து, திரையை அணைத்து மேசையில் வையுங்கள். வேறொரு போனிலிருந்து 2 எம்பி பிடிஎஃப் ஒன்றை அனுப்பிவிட்டு ஒரு தேநீர் குடியுங்கள். திரையைத் தொடாமலே மணி அடித்தால் சரி. வெளியே வெயிலில் கொண்டுபோய் அதை வாசித்தும் பாருங்கள்.

கடைசியாக, போனால் தீராத ஒரு குறை. எங்கள் அலுவலகங்கள் சிலவற்றிலிருந்து வரும் கடிதம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பாக இருக்கும். கணினியில் தமிழ்; போனில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாக ஒரே கோலம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய போனும் அதை வாசிக்காது. அனுப்புகிறவர் பிடிஎஃப் ஆக்கி அனுப்பவேண்டும், அல்லது போனும் கணினியும் ஒரேமாதிரி வாசிக்கும் யூனிகோடில் அடிக்கவேண்டும். விளம்பரம் தருகிறவர்களிடம் அன்ட்ரொய்ட் பதிப்பையும் அப்டேட் முடியும் வருடத்தையும் கேட்டு வாங்கி, விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.