ஆராய்ச்சி மாதங்களைத் தொடங்கப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

வோர்டில் பிரஷர் ஏறிய தாய்மார் படுத்திருக்கும்போது கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தரவு பதிய மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆபத்துக் கூடிய கர்ப்பங்களைப் பார்க்கப் பயிலும் டொக்டருக்கு ஆராய்ச்சி எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். நான் டொக்டர் இல்லை, கொழும்பில் டொக்டர்மாரின் ஆய்வுகளுக்குப் புள்ளிவிபரம் பார்த்துக் கொடுப்பவள். உங்கள் கேள்வியோடு வேறு பிள்ளைகளும் வருவதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற ஹோர்மோன் மருந்தை அமெரிக்காவில் ஏராளமான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அதனால் பயனில்லை என்று சிக்காகோவில் நடந்த ஆய்வு 1953இலேயே காட்டியது. ஆனாலும் எழுதிக்கொடுப்பது நிற்கவில்லை. அந்தத் தாய்மாரின் பெண்பிள்ளைகள் சிலருக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்தது 1971இல் தெரிந்த பிறகுதான் அரசு எச்சரித்தது. மருந்து எழுதிய டொக்டர்மாரும் உங்களைப்போல் தாய்மாருக்காகத் துடித்தவர்கள்தான். அவர்கள் மேசையில் இருந்த ஆய்வை எடைபோட்டுப் பார்க்க ஆள் போதவில்லை.

மறுபக்கமும் நடந்திருக்கிறது. குறைமாதத்தில் பிரசவிக்கப்போகும் தாய்க்கு ஸ்டெரொய்ட் ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் தேறும் என்று லிகின்ஸ், ஹவீ என்ற இருவர் நியூசிலாந்திலிருந்து 1972இல் எழுதினார்கள். அமெரிக்காவில் தேசிய அளவில் அதைப் பரிந்துரைக்க 1994 ஆகிவிட்டது. இடையில் போன குழந்தைகளை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறும்.

அதே ஊசியின் கதை அதோடு முடியவில்லை. இந்தியா, பாகிஸ்தான் உட்பட ஆறு நாடுகளில் கிராமப்புறம் வரை அதைக் கொண்டுபோன ஆய்வின் முடிவு 2015இல் வந்தது. ஊசி பெற்ற தாய்மாரில் பலர் நிறைமாதத்திலேயே பெற்றார்கள். மொத்தமாகப் பார்த்தபோது சிசு மரணம் குறையவில்லை, கூடியிருந்தது. பிறகு உலக சுகாதார ஸ்தாபனம், ஸ்கானால் கர்ப்பவாரத்தை உறுதிசெய்து, சிசுப் பராமரிப்பு உள்ள வைத்தியசாலைகளில் மட்டும் திரும்பச் செய்துபார்த்தது. 2020இல் வந்த முடிவில் மரணம் குறைந்தது. மருந்து ஒன்றுதான். எந்த இடத்தில், யாருக்கு, வாரக் கணக்கை எவ்வளவு சரியாகத் தெரிந்துகொண்டு கொடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். இதனால்தான் வெளிநாட்டு ஆய்வை வாசிப்பதோடு நிற்கவேண்டாம், நம் கிளினிக்கில் நம் தாய்மாரிடம் கேட்டுப் பாருங்கள் என்று உங்களை வற்புறுத்துகிறேன்.

கொழும்பில் இதற்கென்று ஒரு சிக்கல் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கர்ப்பத்தைப் பதிந்த பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு, யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போய்விடுவாள். ஸ்கான் எடுத்தது காசு கட்டிப் பார்க்கும் தனியார் சனலிங்கில், பிரஷர் பார்த்தது அரசு கிளினிக்கில், பிரசவம் மூன்றாவது இடத்தில். உங்கள் தரவுத்தாளில் அவளுக்கு நேரே வெறும் கோடு விழும். அந்தக் கோடுகளைத் தூக்கிவிட்டு மிச்சப்பேரை மட்டும் கணக்கெடுத்துத் தரச்சொல்லி என்னிடம் கேட்பார்கள். தயவுசெய்து நீங்கள் கேட்காதீர்கள். ஊருக்குப் போனவளும் கடைசிவரை உங்கள் கிளினிக்கில் இருந்தவளும் ஒரேமாதிரி இல்லை. ஒருத்தி சுகமாக இருந்ததால் போயிருப்பாள், இன்னொருத்தி இங்கே பார்க்க ஆளில்லாமல் போயிருப்பாள். ஒவ்வொருத்தியையும் தொலைபேசியில் தேடிப்பிடித்து, தாயும் பிள்ளையும் எப்படி என்று கேட்டு எழுதுங்கள். அதற்கான சம்மதத்தையும் இரண்டு இலக்கங்களையும் முதல்நாளே வாங்கிவிடுங்கள். அவளுடைய மிட்வைஃபின் உதவியையும் கேளுங்கள். வீடுவீடாகப் போகிறவருக்குத் தெரிவது கோப்பில் கிடையாது.

எதை ஆராய்வது என்று கேட்டீர்களே. பெரிதாக எடுக்கவேண்டாம். நூற்றில் நான்கு பேருக்கு வரும் ஒரு சிக்கலை ஒரு மருந்து இரண்டு பேராகக் குறைக்கிறது என்று நிரூபிக்க இரு பிரிவும் சேர்த்து 2,200க்கு மேல் தாய்மார் வேண்டும். ஒரு பயிற்சிக் காலத்தில் தனி ஆளால் முடியாது. ஆனால் பிரீஎக்லம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய், வரும் ஆபத்துள்ள தாய்மாருக்கு அஸ்பிரின் 150 மில்லிகிராம் இரவில், 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம்வரை கொடுத்ததில், 37 வாரத்துக்கு முன் பிரசவிக்கவைக்கும் பிரீஎக்லம்ப்சியா நூற்றுக்கு 4.3இலிருந்து 1.6 ஆக இறங்கியது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியதே. நம் கிளினிக்கில் அது தேவைப்படுகிறவர்களில் எத்தனை பேர் நேரத்துக்கு வருகிறார்கள்? மாத்திரை வாங்கியவர்களில் எத்தனை பேர் கடைசிவரை விழுங்குகிறார்கள், நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? மாமியார் வேண்டாம் என்றாரா, வயிறு எரிந்ததா, பார்மசியில் முடிந்துவிட்டதா? இதை ஒரு பயிற்சி டொக்டர் ஒரு வைத்தியசாலையிலேயே நேர்மையாகக் கண்டுபிடிக்கலாம். பதில் வந்தால் அடுத்த வாரமே கிளினிக்கில் ஏதாவது மாற்றலாம்.

நம் நாட்டில் தாய் ஒருத்தி இறந்தால் ஏன் இறந்தாள் என்று விசாரித்துப் பதியும் முறை பல காலமாக இருக்கிறது. அது நமக்குப் பெருமை. ஆனால் இறக்காமல் தப்பி, பிள்ளையை இழந்தோ சிறுநீரகம் பழுதாகியோ வீட்டுக்குப் போனவளைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதவேண்டும். அதை உங்களைப் போன்றவர்கள்தான் செய்யமுடியும்.

அமெரிக்காவில் இந்தத் துறையின் மூன்று வருடப் பயிற்சியில் ஆராய்ச்சிக்கென்றே நேரம் ஒதுக்கி, ஒரு தீசிஸும் எழுதவைப்பார்கள். இங்கே உங்களுக்குக் கிடைத்திருக்கும் மாதங்களை மற்றவர்களின் ஒன்கோல் (கூப்பிட்டால் வரவேண்டிய முறைவேலை) மாற்றத்துக்குக் கடன்கொடுக்காதீர்கள். யாராவது கேட்டால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். எதிக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பம் போக முன்னர் ஒரு பக்கத்தில் உங்கள் கேள்வியையும், யாரைச் சேர்ப்பீர்கள், எதை அளப்பீர்கள், ஊருக்குப் போகிறவளை எப்படித் தொடர்வீர்கள் என்பதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். சம்மதப் படிவத்தின் தமிழையும் சேர்த்து அனுப்புங்கள். கிளினிக் வாங்கில் காத்திருக்கும் ஒரு தாய்க்கு அதை வாசித்துக்காட்டி, அவள் எங்கே நிறுத்திக் கேட்டாள் என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா